மணிக்குப் பத்து நிமிடம்

கோயம்புத்தூர்
14 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போடுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அண்ணியின் இருமல் நின்றதா என்று எழுதுங்கள்.

போன வாரம் முருகானந்தம் வந்து பலா மரத்தில் கட்டிவிட்டுப் போன பச்சைப் பெட்டியைப் பற்றி நானே விளக்குவதுதான் முறை. அவர் எங்கள் திட்டத்தின் களப்பணியாளர். நல்லவர், கொஞ்சம் அதிகம் பேசுவார். அந்தப் பெட்டி ஒவ்வொரு மணி நேரத்திலும் முதல் பத்து நிமிடம் சுற்றியுள்ள ஒலியைப் பதிவு செய்யும். குருவி, தவளை, பூச்சி, வௌவால் எதுவானாலும் சரி. மரவள்ளிக்குக் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்திய விவசாயக் காடுகளில் உயிர்கள் திரும்பி வருகின்றனவா என்று அதை வைத்துப் பார்ப்போம். மாதம் ஒருமுறை செம்மேட்டில் கூட்டம் போட்டு, அவரவர் காட்டின் ஒலியை அவரவருக்கே போட்டுக் காட்டி விளக்குவோம். மலையில் குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்ற இரண்டு பகுதிகளிலுமாகப் பதினாறு காடுகள். உங்களுடையது பதினொன்றாவது.

அங்கே சிக்னல் நிற்பதில்லை. அதனால் பெட்டிக்குள் இருக்கும் மெமரி கார்டை அவ்வப்போது மாற்றித் தபாலில் அனுப்ப வேண்டும். கூடவே நாலு வரி எழுதி வையுங்கள். பாப்பாவின் போன் பீரோவில் இருப்பது தெரியும். அதை எடுத்துப் பேசச் சொல்ல மாட்டேன்.

பாப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்களுக்கு இருந்த ஒரே பிள்ளை. கல்யாணம் ஆகாமல் போனவர்களின் பெயரை வருஷம் திரும்பும்வரை வீட்டுக்குள் சொல்லக் கூடாது என்பது நம் குடும்ப வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்குள் வரப்போகிறது. அதனால் பெயரை எழுதவில்லை.

நீங்களாகவே வந்து இந்தத் திட்டத்தில் பெயர் கொடுத்தீர்கள் என்று முருகானந்தம் சொன்னார். காரணம் கேட்கவில்லை.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கோகிலா


வாழவந்தி நாடு
6 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சி கோகிலாவுக்கு அண்ணன் செங்கோடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். மாத்திரையை நிறுத்திவிடாதே.

ஆடி பதினெட்டுக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அதனால்தான் கார்டு தாமதம். செம்மேடு போஸ்ட் ஆபீஸில் இருந்த அம்மா கவரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க உள்ள?" என்று கேட்டது. "தவளைங்க" என்றேன். வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டது.

ஜூலைக் கடைசியில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். முருகானந்தம் நன்றாகப் பேசினார். "நம்ம காதுக்கு எட்டாத சத்தம் காட்டுல எத்தனையோ இருக்குதுங்க. வௌவால் கத்தறது உங்களுக்குக் கேக்குதா? கேக்காது. ஆனா அது கத்திக்கிட்டேதான் இருக்குது. இந்தப் பெட்டி அதையும் கேக்கும்" என்றார். நம் மாதேஸ்வரன் சும்மா இருப்பானா? "எங்க ஊட்டுக்காரி மனசுக்குள்ள திட்டறதும் கேக்குமுங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் மட்டும் நின்று, நிஜமாகவே கேட்குமா என்று திரும்பவும் கேட்டேன். "நிஜந்தானுங்க. அங்க இருக்கிற எதையும் அது உடாது" என்றார்.

சாமை முளைத்து வருகிறது. மரவள்ளியில் கையால்தான் களை எடுக்கிறோம். முழங்கால் அப்படியேதான். உன் அண்ணி பேசுவது குறைந்துவிட்டது. இருமல் குறையவில்லை.

உன் அண்ணன்
செங்கோடன்


கோயம்புத்தூர்
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கார்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியைச் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒரு சந்தேகம். முதல் பதினைந்து நாள் பதிவில் குருவிகளும் பூச்சிகளும் நன்றாகக் கேட்கின்றன. ஜூலை 29 முதல் எல்லாப் பதிவிலும் தண்ணீர் விழும் ஓசை இருக்கிறது. பலா மரத்துப் பக்கம் தண்ணீர் கிடையாது. பாப்பாவைப் புதைத்த மேட்டில், ஊற்றோரம்தான் உண்டு. பெட்டியை இடம் மாற்றினீர்களா? இடம் மாறினால் முந்தைய பதிவோடு ஒப்பிட முடியாது. உண்மையை எழுதினால் போதும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கோகிலா


வாழவந்தி நாடு
9 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சுகமா?

பலா மரத்தில் முசுறு எறும்பு ஏறிவிட்டது. பெட்டிக்குள் புகுந்துவிடுமே என்று மேட்டிலிருக்கும் மரத்துக்கு மாற்றினேன். தவளையெல்லாம் ஊற்றோரம்தானே இருக்கும், உனக்கும் நல்லதுதான்.

வௌவால் சத்தத்தை நமக்குக் கேட்கிற மாதிரி நீ மாற்றித் தருவாயாம். முருகானந்தம் சொன்னார். எப்படி மாற்றுகிறாய்? வௌவாலுக்கு மட்டும்தான் முடியுமா, வேறு எதற்கும் முடியுமா? மறக்காமல் எழுது.

செங்கோடன்


கோயம்புத்தூர்
25 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

வௌவாலின் குரல் நம் காதால் பிடிக்க முடியாத அளவு உச்சத்தில் இருக்கும். அதைப் பத்து மடங்கு மெதுவாக ஓடவிட்டால் கீழே இறங்கி, துளித் துளியாகக் காதில் விழும். வேறு மந்திரம் எதுவும் இல்லை. அங்கே இருக்கிற ஒலியைத்தான் மெதுவாக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவில் மனிதக் குரல் இருந்தால் அதை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அந்தப் பகுதிகளைக் கணினியே கண்டுபிடித்துக் குறித்துத் தருகிறது. அது சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை. போன மாதம் ஒரு மைனா கத்தியதை மனிதக் குரல் என்றது. அதனால் அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். உங்கள் காட்டில் காலை ஆறு மணிப் பதிவுகளாக இருபத்திரண்டைக் குறித்திருக்கிறது. அவற்றை நான் இன்னும் திறக்கவில்லை. கேட்காமல் அழிக்கட்டுமா என்று உங்களைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றிருக்கிறேன்.

கோகிலா


வாழவந்தி நாடு
14 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சி கோகிலாவுக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். உடம்பு பரவாயில்லை.

அழிக்காதே. திறந்து கேள்.

ஆறு மணிக்கு முன்னாலேயே மேட்டுக்குப் போய்விடுகிறேன். பச்சை விளக்கு மின்னியதும் பேசுவேன். இரண்டு நிமிஷம்தான். பிறகு பத்து நிமிஷம் முடியும்வரை மூச்சைக்கூட மெதுவாக விட்டு நிற்பேன். என் சத்தத்தை விட்டுவிடு. நான் நிறுத்திய பிறகு இருப்பதைத்தான் நீ கேட்க வேண்டும். வௌவாலுக்குச் செய்கிற மாதிரி மெதுவாக்கிக் கேள். இருபத்திரண்டு நாளில் ஒரு நாளாவது ஏதாவது இருக்கும். நம் காதுக்கு எட்டவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? முருகானந்தமே சொன்னார்.

இதற்கு மேல் என்னை எழுத வைக்காதே அம்மிணி.

உன் அண்ணிக்குத் தெரியாது. மேட்டில் பெட்டி இருப்பதுகூடத் தெரியாது. அவளுக்கு எழுந்திரிப்பதே பாடு, அந்தப் பக்கமே வருவதில்லை. பாப்பாவை வைத்த நாளோடு சரி.

செங்கோடன்


கோயம்புத்தூர்
6 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உடல்நலத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

திறக்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியது பொய். அப்போதே எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். ஆறு மணிக்குப் பெட்டி விழிக்கிறது. நீங்கள் தொண்டையைச் செருமுகிறீர்கள். "கண்ணு, அப்பா வந்திருக்கேன். பெட்டி இருக்குது, நீ மெல்லப் பேசினாப் போதும்" என்கிறீர்கள். அதற்கு மேல் நீங்கள் சொல்வதை நான் திருப்பி எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்காதது போல் இருக்க முடியவில்லை. பாப்பா காட்டில் தாகத்துக்கு எடுத்துக் குடித்தது களைக்கொல்லி என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கலர் குடித்த காலிப் பாட்டிலில் ஊற்றி வைத்தது நீங்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். பாப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒன்பது நாளும் நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டபடி செய்தேன். உங்கள் குரலுக்குப் பிறகு வரும் எட்டு நிமிடத்தைப் பத்து மடங்கு மெதுவாக்கினேன். அது எண்பது நிமிடமாக நீள்கிறது. இருபத்திரண்டு நாளையும் கேட்டேன். தண்ணீர் மத்தளம்போல் விழுகிறது. நடுவில் ஒரு வௌவால். ஒரு நாள் இலையொன்று தரையில் படுகிறது. மறுபடி தண்ணீர்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஆய்வகத்தில் யாரோ தோளைத் தொட்டபோது கத்திவிட்டேன்.

ஒன்றும் இல்லை அண்ணா. இருந்தால் எழுதியிருப்பேன்.

கோகிலா


கோயம்புத்தூர்
10 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? ஒரு மாதமாகக் கடிதமும் இல்லை, கார்டும் இல்லை. முருகானந்தம் மழையில் வண்டியோடு வழுக்கி விழுந்து கால் வீங்கிக் கிடக்கிறார். அதனால் ஆள்மூலமும் விசாரிக்க முடியவில்லை. கார்டு வராவிட்டால் பரவாயில்லை. ஒரு வரி எழுதுங்கள்.

கோகிலா


வாழவந்தி நாடு
27 டிசம்பர் 2024

கோகிலாவுக்கு,

இருக்கிறோம்.

எண்பது நிமிஷம் கேட்டதாக எழுதியிருந்தாய். ஒன்றும் இல்லை என்று எழுத ஒரு வரி போதுமாக இருந்தது உனக்கு. உன்மேல் கோபமில்லை. நீ எப்போதும் அப்படித்தான். உள்ளதைச் சொல்வாய்.

அதற்குப் பிறகு நான் மேட்டுக்குப் போகவில்லை. பெட்டி அங்கேயே கிடந்தது. கார்டை மட்டும் நேற்று ஆள் விட்டு வழக்கம்போல் மாற்றி எடுத்தேன். இதுதான் கடைசி.

அடிவாரத்துக் காளியண்ணன் காட்டைக் குத்தகைக்குக் கேட்கிறார், மேட்டையும் சேர்த்து. முழுக்க மரவள்ளி போடுவாராம். "மருந்தடிக்காம யாருங்க இந்தக் காலத்துல களையெடுக்கறது" என்கிறார். அடித்துக்கொள்ளட்டும். தை முடிவதற்குள் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் ராசிபுரம் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விடுவோம். உன் அண்ணியிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆள் அனுப்பிப் பெட்டியைக் கழற்றிக்கொள்.

செங்கோடன்


கோயம்புத்தூர்
17 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் விடுமுறையில் வேறு வேலை இல்லை. நீங்கள் அனுப்பிய கடைசிக் கார்டை முழுதாகக் கேட்டேன். நீங்கள் மேட்டுக்குப் போகாத நாட்கள் என்பதால் மனிதக் குரல் எதுவும் இல்லை என்று கணினி சொல்லியது. அதை நம்பியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

அங்கே இன்னொரு குரல் இருக்கிறது.

பதற வேண்டாம். பாப்பாவின் குரல் இல்லை. எதையும் மெதுவாக்க வேண்டியதும் இல்லை. ரொம்பத் தணிவான குரல். தண்ணீர் ஓசையோடு சேர்ந்துவிடுவதால் கணினி விட்டுவிட்டது. பழைய கார்டுகளையும் எடுத்துத் தேடினேன். ஆகஸ்டிலிருந்தே இருக்கிறது. சந்தை நாளில் மட்டும் வருகிறது, நீங்கள் செம்மேட்டு பஸ் ஏறிய பிறகு, பதினொரு மணிப் பதிவில். முதலில் செருப்பைக் கழற்றும் ஓசை. அப்புறம் இருமல்.

அந்த இருமலை முதல் கடிதத்திலிருந்து நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பேசுவதை எழுத எனக்கு உரிமையில்லை. கேட்டதே தப்பு. இது மட்டும் சொல்கிறேன். பாட்டிலை யார் நிரப்பியது என்று அவர் ஒரு நாளும் பேசவில்லை. அதை யார் எடுத்து எங்கே வைத்தது என்பதுதான் பேச்சு முழுக்க. நீங்கள் ஆறு மணிக்குக் கேட்கும் மன்னிப்பை அவர் பதினொரு மணிக்குக் கேட்கிறார். அதே இடத்தில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்.

இந்தக் கணக்கில் எனக்கும் பங்கு உண்டு. பத்து வருடமாக ஊர் ஊராகப் போய், மருந்தைக் குடிக்கிற பாட்டிலில் ஊற்றாதீர்கள் என்று படம் போட்டுக் காட்டியவள் நான். நம் காட்டுக்கு மட்டும் வந்து சொல்லவில்லை. அண்ணனுக்குப் பாடம் எடுப்பதா என்று கூச்சம்.

அடுத்த சந்தைக்குப் போகாதீர்கள். அதுவரை காளியண்ணனுக்குக் கையெழுத்தும் போடாதீர்கள்.

கோகிலா


வாழவந்தி நாடு
20 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி கோகிலாவுக்கு அண்ணன் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையொன்றும் இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்ததும் பதில் எழுதவில்லை. வருஷம் திரும்பட்டும் என்று இருந்தேன்.

போன மாதக் கடைசிச் சந்தைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரோடு வரைக்கும் போய், பஸ் போகிற வரை மிளகுக்கொடிப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். உன் அண்ணி மேட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"பஸ் போயிருச்சுங்களா?" என்றாள்.

"போயிருச்சு" என்றேன்.

நான் தள்ளி உட்கார்ந்தேன். பிறகு, "அதைப் பாட்டில்ல ஊத்துனது நானு" என்றேன்.

"தெரியுமுங்க. வெயில்ல கெடக்குதேன்னு எடுத்துத் தண்ணிக் கொடத்துக்கிட்ட வெச்சது நானு. அது உங்களுக்குத் தெரியாது."

"ஒரு வருசமா ஏன் சொல்லல?"

"பேரு சொல்லக் கூடாதுன்னீங்க. பேரு சொல்லாம இதை எப்படிங்க சொல்றது?"

அந்த வழக்கத்தை வீட்டில் முதலில் நினைவுபடுத்தியவன் நான்தான். எனக்கு அது சௌகரியமாக இருந்தது அம்மிணி. இப்போது எழுதும்போதுதான் அது புரிகிறது.

பிறகு அவள் மரத்தைப் பார்த்து, "அதென்னங்க பச்சையா?" என்றாள். "கேக்கற பெட்டி" என்றேன். "யாரு கேக்கறாங்க?" "நம்ம கோகிலா." எழுந்து கிட்டே போய் அதைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "அம்மிணி, இருமல் இன்னும் நிக்கல" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் பேசியது உனக்கில்லை. கார்டை அனுப்ப வேண்டும் என்பது விதி, அதனால் அனுப்புகிறேன்.

பெட்டியைப் பலா மரத்துக்கே மாற்றிவிட்டேன். அங்கே முசுறு எறும்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. காளியண்ணனிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "கையாலயே களையெடுத்துச் சாவுங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

திங்கட்கிழமையோடு வருஷம் திரும்பியது. சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது வீட்டுக்குள் முதலில் பெயரைச் சொன்னது உன் அண்ணி. கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னாள். பூங்குழலி என்று. நான் கதவைத்தான் பார்த்தேன்.

செங்கோடன்


கோயம்புத்தூர்
3 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

கடிதமும் கார்டும் கிடைத்தன. இருமலுக்கு மருந்து தனியாக அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் கலந்து குடிக்க வேண்டும். பாட்டிலின் மேல் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கார்டைக் கணினியில் போட்டேன். அந்தச் சந்தை நாளின் பதினொரு மணிப் பதிவை மனிதக் குரல் என்று அதுவாகவே குறித்துக் காட்டியது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அது சொன்னதை அப்படியே நம்பி, கேட்காமல் அழித்தேன். பழைய பதிவுகளையும் அழித்தாயிற்று. ஆறு மணி, பதினொரு மணி, எல்லாம். தவளைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். ஊற்றோரம் நாலு வகை இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் முருகானந்தம் போட்டுக் காட்டுவார், இருவரும் போய்க் கேளுங்கள்.

அழித்த பிறகும் எனக்குத் தினமும் ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்திருக்காமல் பத்து நிமிடம் அப்படியே கிடக்கிறேன். இன்று பூங்குழலி என்று நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், தணிவாக. அப்புறம் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் இல்லை. இருந்தால் எழுதுவேன்.

கோகிலா